அமுலு, பொருள் எண் முப்பத்தேழு

மணலேரிப்பாக்கம் நகராட்சியில் காலம் நின்றுபோனதற்கு எந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது. அதற்கென்று ஒரு பீரோ வந்திருந்தது.

பீரோ என்று நாங்கள்தான் சொன்னோம். லாரியிலிருந்து இறக்கியபோது அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் ‘காலத்தாமதப் பெட்டகம், சோதனை மாதிரி’ என்று இருந்தது. சாம்பல் நிறம், ஆளுயரம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவு. சுகாதாரப் பிரிவில் தடுப்பு மருந்து வைப்பதற்காக மேலிடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். கூடவே வந்த எஞ்சினியர் எங்கள் மேலாளர் சத்தியசீலனிடம் விளக்கினார்.

“இது குளிர வைக்காதுங்க சார். கதவைச் சாத்தினா உள்ள காலம் மெதுவாப் போகும். நமக்கு ஒரு வருஷம்னா, உள்ள ஒரு நிமிஷம். மருந்து கெட்டுப்போறதுக்கு நேரமே இருக்காது.”

“கரண்ட் எவ்வளவு இழுக்கும்?”

“கரண்டே வேணாங்க.”

“அப்ப நாங்க எதை நம்பறது?” என்றார் சத்தியசீலன்.

சுகாதாரப் பிரிவு அதை வாங்க மறுத்துவிட்டது. அவர்களுடைய பதிவேட்டில் காலையும் மாலையும் வெப்பநிலை எழுதுவதற்கென்று ஒரு கட்டம் உண்டு. இந்தப் பீரோவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? ஆகவே அது மாடிக்கு ஏறி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. மன்றப் பிரிவில் உதவியாளர். நகர்மன்றக் கூட்டத்துக்குப் பொருள் பட்டியல் தயாரிப்பது, கூட்டத்தில் நடந்ததை எழுதுவது, நடக்காததை ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதுவது இவ்வளவும் என் வேலை. மூன்றாவதுதான் அதிகம்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் பாதியில் கலைந்து மசால் போண்டா மிஞ்சியது. எறும்புக்குப் பயந்து அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை எடுத்தால் கை சுட்டது. சத்தியசீலன் இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

“ஏன்யா, போண்டாவுக்கு மூணு நாள் ஆகலேன்னா, ஃபைலுக்கும் ஆகாதில்ல?”

எந்த மனுவையும் முப்பது நாளுக்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அலுவலர்மேல் நடவடிக்கை என்று அந்த வருஷம்தான் உத்தரவு வந்திருந்தது. எங்களிடம் நிலுவை ஆயிரத்துச் சொச்சம். சத்தியசீலன் சட்ட ஆலோசகரைக் கேட்டார். ரங்கபாஷ்யம் என்ற அந்த வக்கீல் மூன்று பக்கத்துக்குக் கருத்துரை எழுதி அனுப்பினார். சாரம் இதுதான்: முப்பது நாள் என்பது மனு கடக்க வேண்டிய முப்பது நாள். மனு கடக்காத நாட்களுக்கு நகராட்சி பொறுப்பல்ல.

அன்று மாலையே ஆயிரத்துச் சொச்சமும் இடது பக்கக் கதவுக்குள் போயிற்று. நிலுவையே இல்லாத நகராட்சி என்று அந்த வருஷம் எங்களுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அமுலு வந்தது அதற்குப் பிறகு. அவள் புருஷன் தசரதன் எங்கள் குடிநீர்ப் பிரிவில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். வால்வுக் குழிக்குள் இறங்கியவன் மூச்சடைத்து மேலே வரவில்லை. வாரிசு வேலை கேட்டு அமுலு மனு கொடுத்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. எல்லாக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. நகர்மன்றத்தின் ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி. அதுதான் பொருள் எண் முப்பத்தேழு.

எங்கள் மன்றத்தில் ஒப்புதல் என்பது சுலபமான காரியம். தலைவர், “ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை” என்பார். ஆளும் தரப்பு மேசையைத் தட்டும். அறுபத்திரண்டும் நிறைவேறிவிடும். கஷ்டம் அந்தத் தட்டலுக்கு முன்னால் இருந்தது. கூட்டம் செல்லுபடியாக இருபத்து நான்கு உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு எழுந்து வெளிநடப்பு செய்தால் எண்ணிக்கை குறைந்து எல்லாமே அடுத்த மாதத்துக்குப் போய்விடும். வெளியே போனவர்கள் கோஷம் போட்டு முடித்து, பின்வாசல் வழியாக வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு டிபன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சமயம் பேருந்து நிழற்குடையில் யார் பெயரைப் பெரிதாக எழுதுவது என்பதில் தகராறு. அதனால் நாலு மாதமாக வெளிநடப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை அமுலு என் மேசைக்கு வந்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் மகள் செவ்வந்தி. பதின்மூன்று வயது.

“சார், வர்ற வெள்ளிக்கெழம எனக்கு நாப்பது முடியுது. நாப்பதுக்கு மேல வேலை கெடயாதாமே?”

“விதி அப்படித்தாம்மா. கூட்டம் அடுத்த மாசம்தான் இருக்கு.”

“அதுக்குத்தான் சார் வந்தேன். இந்த பீரோல வெச்சா எதுவும் பழசாவாதாமே. டீ குடுக்கறவரு சொன்னாரு, போன மாசத்து போண்டா இன்னும் சூடா இருக்குதுன்னு.”

“அது போண்டாம்மா.”

“எனக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்கு? வெளிய ஒரு மாசம்னா உள்ள எவ்ளோ நேரம், சொல்லுங்க.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். “அஞ்சு வினாடி.”

“ரேஷன் கடையில அஞ்சு மணி நேரம் நிக்கறேன். அஞ்சு வினாடி உக்கார மாட்டனா?”

சத்தியசீலனுக்கு முதலில் வியர்த்தது. பிறகு வக்கீலுக்குப் போன் போட்டார். ரங்கபாஷ்யம் யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு வாய் காபி நேரம். மனுதாரர் கடக்காத வயதை மனுதாரருக்கு ஏற்ற முடியாது. மனுவோடு பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இணைத்திருப்பதுபோல மனுதாரரையும் இணைக்கலாம். ஒரே நிபந்தனை, கதவுக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். மன்றத் தீர்மானம் இல்லாமல் அதை உடைத்தால் மனுவைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். உள்ளே மூச்சுவிட முடியுமா என்று எஞ்சினியரையும் கேட்டோம். ஒரு மணி நேரத்துக்குக் காற்று தாங்கும் என்றார். அதாவது அறுபது வருஷம். எங்கள் நகராட்சிக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

வலது பக்கத்தைக் காலி செய்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன். கோப்பில் ‘இணைப்பு ஒன்பது: மனுதாரர்’ என்று எழுதினேன். அமுலு செருப்பை வெளியே கழற்றப் போனாள். உள்ளேயே போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

“அத்தை ஊட்ல ஒழுங்கா இரு. ஸ்கூலுக்கு லேட்டாவுது, கெளம்பு” என்று மகளிடம் சொன்னாள். பிறகு என்னிடம், “ஒரு மாசம்தானே சார்?” என்றாள்.

“ஒரு மாசம்தாம்மா” என்றேன்.

கதவைச் சாத்தியது நான். அரக்கை உருக்கியது சத்தியசீலன்.

அடுத்த மாதம் வெளிநடப்பு. அதற்கடுத்த மாதமும். பிறகு ஒரு உறுப்பினர் காலமானார். இரங்கல் தீர்மானத்தோடு கூட்டம் கலைந்தது. பிறகு வார்டு எல்லையை மாற்றியது செல்லாது என்று யாரோ வழக்குப் போட்டார்கள். வழக்கு முடிவதற்குள் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. ஒன்பது வருஷம் வரவில்லை. மன்றமே இல்லாமல் தனி அலுவலர் ஒருவர் நகராட்சியை நடத்தினார். எல்லா அதிகாரமும் அவருக்கு உண்டு, மன்றம் ஒத்திவைத்ததை எடுக்கும் அதிகாரம் மட்டும் இல்லை என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டார். நல்ல மனிதர். தினமும் பீரோவைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவருக்குப் பிறகு தேர்தல் நடந்து வந்த மன்றங்களிலும் அதே வெளிநடப்புதான்.

செவ்வந்தி ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தாள். மனு வாங்கும் நாள் அது. முதலில் பள்ளி முடிந்து வந்தாள், பிறகு கல்லூரி முடிந்து, பிறகு வேலை முடிந்து. என் மேசைக்கு எதிரே நிற்பாள். நான் தலையை ஆட்டுவேன். அரக்கு முத்திரையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

அவளுக்குப் பதினாறு வயதானபோது நானே கேட்டேன். “உடைச்சுடலாமா செவ்வந்தி?”

“ஒடச்சா மனு வாபஸ்னு ஆயிடுமில்ல சார்?”

“ஆமா.”

“அப்ப மூணு வருஷம் வீணா?”

இருபத்திரண்டு வயதில் மறுபடியும் கேட்டேன். “அப்ப ஒம்போது வருஷம் வீணா?” என்றாள். முப்பது வயதில் அவள் கல்யாணமாகிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போது நான் கேட்கவில்லை. கணக்கு எனக்கே தெரிந்திருந்தது.

இப்படி வந்து வந்தே நகராட்சி விதிகள் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தாள். சத்தியசீலன் ஓய்வு பெற்ற அன்று, “என்னைவிட இந்தப் பொண்ணுக்கு நல்லாத் தெரியும்யா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் ஓய்வு பெற்றேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாததால் ஒப்பந்தத்தில் மறுபடி கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செவ்வந்தியின் முப்பத்தொன்பதாவது வயதில் மறுபடி ஒரு தேர்தல் வந்தது. பன்னிரண்டாவது வார்டில் எதிர்த்தரப்பு சார்பில் நின்று ஜெயித்து உள்ளே வந்தாள்.

முதல் கூட்டத்துக்கு நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இனி முப்பத்தேழு நிறைவேறிவிடும் என்று நம்பினேன். தலைவர் மைக்கைத் தட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் செவ்வந்தி எழுந்தாள். கால்வாய் தூர்வாராததைக் கண்டித்து வெளிநடப்பு. அடுத்த மாதம் கொசுவுக்காக. அதற்கடுத்தது மன்றத்தில் குடிநீர் சூடாக இருந்ததற்காக. எதிர்த்தரப்பில் மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வாசலைத் தாண்டியிருப்பாள். பத்திரிகையில் ‘பன்னிரண்டாவது வார்டின் போர்க்குரல்’ என்று படத்தோடு போட்டார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு கூட்டம்கூட அவள் உட்கார்ந்து முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் செய்தி வந்தது. ஒன்றாம் தேதி முதல் மணலேரிப்பாக்கம் மாநகராட்சியோடு சேர்கிறது. நகர்மன்றத்தில் நிலுவையில் உள்ள பொருள்கள் எல்லாம் காலாவதி. கடைசிக் கூட்டம் இருபத்தெட்டாம் தேதி.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க சார். டீயில சக்கரை கம்மியா?”

“சக்கரையே வேணாம். ஏம்மா செவ்வந்தி, நானும் ரெண்டு வருஷமாப் பாக்கறேன்.”

“இன்னா பாத்தீங்க?”

“தலைவர் ‘ஒன்று முதல்’னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எழுந்துடறே.”

கத்தி நின்றது. மறுபடி ஓடியது.

“மொதல் தடவை கட்சி சொல்லித்தான் சார் எழுந்தேன். வாசல் தாண்டினதும் அப்பாடான்னு இருந்துச்சு. நமக்கு எதுக்கு அப்பாடான்னு இருக்குதுன்னு ஊட்டுக்கு வந்து யோசிச்சேன். அப்புறம் யாரும் சொல்லாமயே எழுந்தேன்.”

“உங்கம்மா வேலைம்மா அது.”

“எனக்குத் தெரியாதா? அவங்க உள்ள போயி இருபத்தெட்டு நிமிஷம் ஆவுது. வெளிய வந்ததும் மொதல்ல இன்னா கேப்பாங்க? பொண்ணு எங்கன்னு கேப்பாங்க. பதிமூணு வயசுப் பொண்ணுக்கு நான் எங்க சார் போறது?”

“நீதானே அந்தப் பொண்ணு.”

“எனக்கு நாப்பத்தொண்ணு. எங்கம்மாவை விடப் பெரியவ. எம் பொண்ணுக்கே பன்னெண்டு வயசாவுது.” காய்த்தட்டை ஒதுக்கி வைத்தாள். “நான் வயசுக்கு வந்தது, கல்யாணம், புள்ள பெத்தது, அத்தை செத்தது, எதுவும் அவங்களுக்கு இன்னும் கைவிட்டுப் போவலை சார். உள்ள இருக்கற வரைக்கும் போவலை. கதவைத் தொறந்தாத்தான் போவும். எல்லாம் ஒரே நிமிஷத்துல.”

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

“ஒண்ணாம் தேதி மாநகராட்சி ஆளுங்க வந்து எப்படியும் உடைப்பாங்கம்மா. வேலையும் இல்லாம வருவாங்க.”

“அந்தச் சட்டத்தை உங்களுக்கு முன்னாடியே படிச்சிட்டேன்” என்றாள். “இருபத்தெட்டாம் தேதி மொத்தமா வெளிநடப்புன்னு கட்சியில சொல்லிட்டாங்க. உக்காந்தா நீக்கிடுவாங்க.”

எழுந்து போய் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். டீயில் சர்க்கரை இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

கடைசிக் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. ஆளும் தரப்பில் இருபத்து மூன்று பேர், ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். வழியனுப்பு விழா என்று டிபனில் அல்வா சேர்த்திருந்தது. எதிர்த்தரப்பு மாநகராட்சி இணைப்பைக் கண்டித்துக் கோஷத்தோடு எழுந்தது. பதினோரு பேர் வாசலை நோக்கி நடந்தார்கள். செவ்வந்தி நாற்காலியில் இருந்தாள்.

“அக்கா, வாங்கக்கா” என்று பக்கத்து வார்டுக்காரர் அவள் தோளைத் தொட்டார். “நம்ம கட்சித் தலைவர் வாசல்ல நின்னு பாக்கறாரு.”

“கால் மரத்துப்போச்சுப்பா. நீங்க போங்க.”

“தூக்கிவிடட்டா?”

“போன்னு சொன்னனே.”

அவர் போனார். மன்றத் தலைவர் வழக்கம்போல் கோப்பை மூடிவிட்டு எழுந்தார். நான் பக்கத்தில் போய் எண்ணச் சொன்னேன். எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். இருபத்து நான்கு. அவர் பதவிக்கு வந்து இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு எண்ணிக்கையைப் பார்த்ததில்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

“ஒன்று முதல் நூற்றுப் பதினெட்டு வரை” என்றார்.

மேசையைத் தட்டினார்கள். இரண்டு வினாடி ஆகியிருக்கும். நூற்றுப் பதினெட்டில் என்னென்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அல்வா வந்துவிட்டது.

நியமன ஆணையை நானே தட்டச்சு செய்து தலைவரிடம் கையெழுத்து வாங்கினேன். வால்வுகள் தாமாகவே திறந்து மூட ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. ஆனாலும் பணியிடத்தை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. திறந்தன என்று தினமும் ஒரு வரி எழுதி வைக்க ஆள் தேவைதான்.

செவ்வந்தியும் நானும் மாடிக்குப் போனோம். அரக்கை நான் பேனாக்கத்தியால் பெயர்த்தேன். கதவைத் திறந்தேன்.

அமுலு முந்தானையால் விசிறிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா சார், அஞ்சு வினாடின்னீங்க. அர மணி நேரம் ஆயிருக்கும் போல. ரெண்டு தபா தட்டினேன், யாரும் தொறக்கல.”

அவள் தட்டிய தட்டல் ஒவ்வொன்றும் எங்களுக்கு இரண்டு நாள், மூன்று நாள் நீளம். அந்த நாட்களில் நான் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

“கூட்டம் கொஞ்சம் இழுத்துடுச்சும்மா” என்றேன்.

“உங்க தலையெல்லாம் இன்னா சார் வெள்ளையா?”

“ஆபீஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கறாங்க.”

ஆணையைக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரித்துப் படிக்கவில்லை. அப்போதுதான் என் பின்னால் நின்றிருந்தவளைப் பார்த்துச் சட்டென்று எழுந்தாள்.

“கும்புடறேம்மா. மெம்பருங்களா? நீங்கதான் பாஸ் பண்ணி உட்டீங்களா?”

செவ்வந்தி தலையை அசைத்தாள்.

“நல்லா இருக்கணும்மா நீங்க. அப்படியே எங்க மாமியாரு ஜாடை உங்களுக்கு.” அமுலு இருவரையும் தாண்டி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். “எம் பொண்ணு இங்கதாம்மா நின்னுச்சு. யூனிபாரம் போட்டுக்கினு. எங்க போச்சுன்னு பாத்தீங்களா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஸ்கூலுக்குப் போயிருக்கா” என்றாள் செவ்வந்தி. “நாலு மணிக்கு வந்துடுவா.”

“சாப்ட்டுதா?”

“சாப்ட்டா.”

“அப்ப சரி. இருந்து இட்டுக்கினு போறேன்” என்று அமுலு ஸ்டூலை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செவ்வந்தி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயோ, நீங்க மேல உக்காருங்கம்மா.”

“பரவால்ல. இங்கயே இருக்கட்டும்.”

மணி அப்போது மூன்றரை.